கிரவுண்டு லேயரில் ஒட்டிக்கொண்ட கெபாசிட்டரைப் போர்டு கெடாமல் கழற்றுவது எப்படி

மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, இன்வர்ட்டர் போர்டு, டிவியின் எல்இடி பட்டை. இவற்றில் ஒரு பார்ட்டைக் கழற்ற உட்கார்ந்தால், ரேடியோ போர்டிலும் பழைய ஆம்ப்ளிஃபையரிலும் பழகிய கை திடீரென்று வேலைக்கு ஆகாமல் போகும். சால்டரிங் அயர்ன் சூடாகத்தான் இருக்கும், அதன் முனையான பிட் பளபளவென்று இருக்கும், ஆனால் வைத்த இடத்தில் சால்டர் (பார்ட்டின் காலைப் போர்டோடு சேர்க்கும் உலோகக் கலவை) களிமாதிரி இறுகிக் கிடக்கும், உருகவே உருகாது. சில நேரம் பிட்டே போர்டில் ஒட்டிக்கொள்ளும். உடனே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: சூட்டை 450 டிகிரிக்கு ஏற்றி, அழுத்திப் பிடித்து, பார்ட்டை இழுப்பது. போர்டுகள் சாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஏன் உருகவில்லை என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதர்போர்டு என்பது மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு மட்டும் அல்ல. நான்கு, ஆறு, எட்டு செம்பு லேயர்கள் உள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றிரண்டு லேயர் முழுக்க முழுக்க கிரவுண்டு (எல்லாப் பார்ட்டுக்கும் பொதுவான மைனஸ் இணைப்பு), போர்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே செம்புத் தகடு. கெபாசிட்டரின் கிரவுண்டு கால் நுழையும் ஓட்டைக்குள்ளே செம்புப் பூச்சு இருக்கிறது, அந்தப் பூச்சு இந்தத் தகடுகள் எல்லாவற்றோடும் நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. செம்பு வெப்பத்தைக் கடத்துவது போர்டின் ஃபைபர் பொருளைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே நீங்கள் ஒரு காலில் வைக்கும் சூடு அங்கே நிற்காது, போர்டு முழுக்கப் பரவிப் போகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது மாதிரிதான்: ஒழுகுவதைவிட வேகமாக ஊற்ற வேண்டும், அல்லது ஒழுக்கைக் குறைக்க வேண்டும். அயர்னின் சூட்டை ஏற்றுவது ஊற்றும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். ஒழுக்கைக் குறைப்பதுதான் உண்மையான தீர்வு.

ஒழுக்கு எதைப் பொறுத்தது? சால்டர் இருக்கும் இடத்துக்கும் சுற்றியுள்ள போர்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எலக்ட்ரானிக்ஸில் காரீயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு கம்ப்யூட்டர், டிவி போர்டுகளில் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டர்தான் வருகிறது. வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம் கொண்ட வகை ரொம்பப் பரவலானது, அது 217 முதல் 220 டிகிரியில் உருகும். வெறும் வெள்ளீயமும் செம்பும் சேர்ந்தது என்றால் 227. நாம் கடையில் வாங்கும் 63/37 காரீய சால்டர் (வெள்ளீயம் 63, காரீயம் 37) 183 டிகிரியிலேயே உருகிவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். போர்டு 30 டிகிரியில் இருக்கிறது, சால்டரை 220-க்குக் கொண்டு போக வேண்டும், வித்தியாசம் 190. அதே போர்டை முதலில் 120-க்குச் சூடாக்கி வைத்தால் வித்தியாசம் 100 தான், ஒழுக்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதோடு 63/37 சால்டரைச் சேர்த்துக் கலந்து உருகுநிலையை 190-க்குப் பக்கத்தில் இறக்கினால் வித்தியாசம் 70. ஒழுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அயர்ன் அதே அயர்ன், கை அதே கை. கீழே சொல்லப் போகும் எல்லா வழியும் இந்த 190-ஐ எப்படியாவது சின்னதாக்கும் வழிகள்தான்.

மின்விசிறியை நிறுத்துங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் வீடுகளில் இது பெரிய விஷயம். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் போர்டு முழுக்க ஒரு ஹீட்சிங்க் ஆகிவிடும், நீங்கள் ஏற்றும் சூட்டை அது இறக்கிக்கொண்டே இருக்கும். வேலை செய்யும் பத்து நிமிஷத்துக்கு நிறுத்திவிட்டு, புகை போக ஜன்னல் பக்கம் உட்காருங்கள். சால்டரிங்கில் எழும் ரோசின் (பிசின்) புகையைத் தொடர்ந்து இழுத்தால் ஆஸ்துமா வரலாம், அதனால் காற்றோட்டம் வேண்டும், ஆனால் காற்று போர்டின் மேல் அடிக்கக் கூடாது. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் சின்ன ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் நல்லது.

போர்டைக் கடப்பா கல், கிரானைட், இரும்பு மேஜை மேல் படுக்க வைக்காதீர்கள். கல்லும் உலோகமும் அடியிலிருந்து சூட்டை உறிஞ்சும். மரக்கட்டை இரண்டை ஓரங்களில் கொடுத்துத் தூக்கி வையுங்கள், அல்லது போர்டு ஹோல்டரில் மாட்டுங்கள். ஹீட்சிங்க், ஃபேன், ராம், பிராசசர், உலோக ஷீல்டு, இவற்றில் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிவிடுங்கள், சீமாஸ் பேட்டரியையும் சேர்த்து. பிராசசர் பக்கத்து மாஸ்ஃபெட் (பவரைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்) மேல் இருக்கும் அலுமினிய ஹீட்சிங்கை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துக் கெபாசிட்டரில் மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பாதி கஷ்டம் போய்விடும்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர், டிவிக்குப் பவர் தரும் சப்ளை) அல்லது இன்வர்ட்டர் போர்டு என்றால் இன்னொரு வேலை முந்தி இருக்கிறது. 230 வோல்ட் மெயினிலிருந்து நேரடியாகச் சார்ஜ் ஆகும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள சப்ளையில் 380, 400 கூட இருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அது அங்கேயே இருக்கலாம். சில கிலோ ஓம், ஐந்து வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட வயரில் கட்டி அதன் வழியாக இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம்.

அயர்னும் பிட்டும்

25 வாட் பென்சில் அயர்னால் இந்த வேலை ஆகாது. அது மோசமான அயர்ன் என்பதால் அல்ல, அதன் வேலை வேறு. அதிலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் நிலைமை இன்னும் மோசம்: வாட் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், அதனால் 230-க்குச் செய்த 25 வாட் அயர்ன் 190 வோல்டில் 17 வாட்தான் கொடுக்கும். காலையில் உருகிய சால்டர் மாலையில் உருகவில்லை என்றால் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

குறைந்தது 60, 70 வாட், சூட்டுக் கட்டுப்பாடு உள்ள ஸ்டேஷன் வேண்டும். அதிலும் ஹாக்கோ டி12 வகைப் பிட் எடுக்கும் ஸ்டேஷன் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கேட்டால் காட்டுவார்கள். 936 வகைப் பழைய ஸ்டேஷனில் ஹீட்டர் தனி, பிட் அதன் மேல் செருகும் ஒரு உறை. நடுவில் காற்று இடைவெளி. 350-ல் வைத்திருப்பீர்கள், ஆனால் பெரிய செம்பில் வைத்த கணம் பிட்டின் நுனி சட்டென்று இறங்கிவிடும், ஹீட்டருக்கு அது தாமதமாகத்தான் தெரியும். டி12-ல் ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால் நுனி குளிர்ந்தவுடன் சூடு பாயும். எத்தனை டிகிரி என்பதைவிட நுனிக்கு எவ்வளவு சீக்கிரம் சூடு வந்து சேர்கிறது என்பதுதான் இங்கே கணக்கு.

பிட் கூர் முனையாக இருக்கக் கூடாது. ஊசி முனை பிட்டைத் தூரப் போடுங்கள், ஒரு புள்ளியில் தொடும் பிட்டால் சூட்டைக் கடத்தவே முடியாது. 2.4 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமான உளி பிட், கத்தி பிட், சாய்வாக வெட்டிய பிட், இந்த மூன்றில் ஒன்று. பிட்டின் முகம் முழுக்கச் சால்டர் பிடித்து வெள்ளிமாதிரி இருக்க வேண்டும். கறுத்த பிட் 400 டிகிரியில் இருந்தாலும் வேலை செய்யாது. பித்தளைச் சுருளில் துடைத்து உடனே புது சால்டர் பூசுங்கள். சூடு 350-ல் தொடங்கி 380 வரை போகலாம், கொஞ்ச நேரத்துக்கு 400. அதற்கு மேலே போனால் பிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) வேலை செய்வதற்கு முன்பே கருகும், பேட் (கால் பற்றவைக்கப்படும் செம்பு வட்டம்) போர்டிலிருந்து பிரியும்.

பிளக்ஸைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ரோசின் வகை அல்லது நோ-கிளீன் ஜெல். தண்ணீர்க் குழாய், தகரம் பற்றவைக்க விற்கும் ஆசிட் பேஸ்ட் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது, அது பின்னாளில் போர்டின் செம்புக் கோடுகளான டிராக்கை அரித்துவிடும்.

போர்டைச் சூடாக்குவது

இதுதான் மொத்த வேலையின் உயிர். இதைச் சரியாகச் செய்தால் மற்றதில் பாதியை மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

கையில் ஹாட் ஏர் புளோயர் இருந்தால் போதும், தொடங்கலாம். நாசில் மாட்டாமல் அல்லது பெரிய நாசிலோடு, 180 முதல் 200 டிகிரி வைத்து, போர்டின் அடிப்பக்கத்திலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கழற்ற வேண்டிய பார்ட்டைச் சுற்றி உள்ளங்கை அளவு பரப்பில் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் கொப்புளிக்கும். மூன்று நாலு நிமிஷம் ஆகும், அவசரம் வேண்டாம், மெதுவாக ஏறுவதுதான் போர்டுக்கு நல்லது. அடிக்கடி இந்த வேலை வருமென்றால் பிடிசி ஹாட் பிளேட் அல்லது அகச்சிவப்பு பிரீஹீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்ல முதலீடு, இரண்டு கையும் வேலைக்குச் சும்மா கிடைக்கும். சிலர் அடுப்பில் தோசைக்கல் வைத்துச் செய்கிறார்கள். செய்யலாம், போர்டு கல்லைத் தொடாமல் உயர்த்தி வைத்து. ஆனால் அந்தக் கல் அதற்குப் பிறகு சமையலுக்கு ஒருபோதும் ஆகாது, காரீயம் பட்ட பாத்திரம் அது, தனியாக எழுதி வைத்துவிடுங்கள். சமையலறையிலேயே செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது.

எவ்வளவு சூடு? மேல்பக்கத்தில் பார்ட்டுக்குப் பக்கத்தில் 100 முதல் 120 டிகிரி. எஃப்ஆர்-4 என்ற சாதாரண ஃபைபர் போர்டின் ரெசின் 130, 140 டிகிரியைத் தாண்டும்போது இளகத் தொடங்கும், நல்ல தரப் போர்டில் இது 170-க்குப் போகும், ஆனால் உங்கள் கையில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. 120-ல் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. அளப்பதற்கு மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் வயரைச் சூடு தாங்கும் கேப்டன் டேப்பால் போர்டில் ஒட்டுங்கள். துப்பாக்கி மாதிரிக் குறி வைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான சால்டர் மேல் தப்பாகக் காட்டும், உண்மைச் சூட்டைவிட ரொம்பக் குறைவாக. அதுதான் இருக்கிறது என்றால் பச்சை அல்லது கறுப்புப் பூச்சு இருக்கும் இடத்தில் குறி வையுங்கள்.

பக்கத்தில் இருக்கும் மற்ற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 105 டிகிரிக்கானவை. மேல்பக்கம் இருப்பதால் அடிச்சூடு அவற்றின் உடம்புக்கு மெதுவாகத்தான் ஏறும், சில நிமிஷம் தாங்கும், ஆனால் அரை மணி நேரம் அங்கேயே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்லாட்களை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். சூடான போர்டு தொய்யும், அதனால் நடுவில் தாங்கு இல்லாமலோ இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தோ வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பல மாசம் மூலையில் கிடந்த போர்டு என்றால் ஈரம் உள்ளே இருக்கும், திடீர்ச் சூட்டில் அது ஆவியாகி லேயர்களைப் பிரிக்கும். அப்படிப்பட்ட போர்டை முதலில் 100 டிகிரிப் பக்கம் சில மணி நேரம் உலர்த்திக்கொள்ளுங்கள்.

கெபாசிட்டரைக் கழற்றுவது

கழற்றுவதற்கு முன் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், கெபாசிட்டரின் பட்டை (மைனஸ் காலைக் காட்டும் கோடு) எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி. போர்டில் அச்சடித்த குறி எல்லாப் போர்டிலும் ஒரே அர்த்தம் தருவதில்லை. அப்புறம் மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஸ்க்ரூ ஓட்டையின் செம்பு வளையத்துக்கும் கெபாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் இடையில் பாருங்கள், பீப் அடிப்பது கிரவுண்டு. அப்படியே இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள ரெசிஸ்டன்ஸையும் பார்த்துக் குறித்து வையுங்கள், கடைசியில் வேண்டும். பிராசசருக்குப் பவர் தரும் பகுதியில் அளவு ரொம்பக் குறைந்த ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் இரண்டுமே பீப் அடிக்கலாம், அப்போது பட்டை உள்ள கால்தான் கிரவுண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் பாசிட்டிவ் காலும் தடித்த செம்பில்தான் போய்ச் சேரும், எனவே இரண்டு காலும் பிடிவாதம் பிடிக்கும்.

போர்டைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு வேலை செய்வது எனக்குப் பிடித்த முறை. ஒரு பக்கம் அயர்ன், இன்னொரு பக்கம் கெபாசிட்டரைப் பிடிக்கும் கை. பிரீஹீட் 110, 120-க்கு வந்ததும் இரண்டு காலிலும் பிளக்ஸ் பூசுங்கள். 63/37 சால்டரை ஒவ்வொரு காலிலும் குண்டு கட்டுகிற அளவுக்குச் சேருங்கள். இது வீண் அல்ல. புது சால்டர் பழையதோடு கலந்து உருகுநிலையை இறக்குகிறது, பிட்டுக்கும் காலுக்கும் நடுவில் அகலமான திரவப் பாலமாக நின்று சூட்டைக் கடத்துகிறது. உலர்ந்த பிட்டை உலர்ந்த சால்டரில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பாலம் வராது. அழுத்தவே தேவையில்லை, பிட் சும்மா படுத்திருந்தால் போதும்.

கால்கள் நெருக்கமாக இருந்தால் இரண்டு குண்டையும் ஒன்றாக்கி அகலமான பிட்டால் ஒரே நேரத்தில் உருக்கலாம். இல்லையென்றால் ஆட்டி எடுப்பதுதான்: கிரவுண்டு காலை உருக்குங்கள், சால்டர் ஓட்டை முழுக்க உருகியதும் கெபாசிட்டரை மற்றக் கால் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் சாயுங்கள். பிட்டை மற்றக் காலுக்கு மாற்றுங்கள், இந்தப் பக்கம் சாயுங்கள். இப்படி மாறி மாறி நடக்க வைத்தால் மூன்று நாலு தடவையில் வெளியே வந்துவிடும். கைக்குச் சுடும், துணி வைத்துப் பிடியுங்கள். முழுதாக உருகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கெபாசிட்டரை ரொம்ப மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், உருகும் கணத்தில் அது வழுக்கிக்கொண்டு நகரும். அதுவரை தள்ளுவது விரல் பாரம் மட்டும்தான். நகரவில்லை என்றால் ஓட்டையின் நடுவில் எங்கோ இன்னும் திடமாக இருக்கிறது, அந்த நேரத்தில் இழுத்தால் காலோடு சேர்ந்து ஓட்டைக்குள் இருக்கும் செம்புக் குழாயே உருவிக்கொண்டு வரும். உள் லேயர்களோடு இருந்த தொடர்பு அத்தோடு போச்சு. ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்புவதும் கூடாது, அடியில் போகும் மெல்லிய டிராக்குகள் கீறிவிடும்.

ஒரு நேரக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பிட் வைத்து ஐந்து வினாடிக்குள் சால்டர் ஓட வேண்டும். பத்து வினாடியாகியும் ஓடவில்லை என்றால் பிட்டை எடுத்துவிட்டு, பிரீஹீட்டைச் சரிபாருங்கள், பிட்டைத் துடையுங்கள், பிளக்ஸ் சேருங்கள். அங்கேயே அரை நிமிஷம் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பேட்டைப் பெயர்க்கும்.

ரொம்ப முரண்டு பிடித்தால் தாழ் உருகுநிலைக் கலவை இருக்கிறது. பிஸ்மத் 58, வெள்ளீயம் 42 கலவை 138 டிகிரியில் உருகும். சிப் குவிக் என்ற பெயரில் வருவது இன்னும் கீழே, 60 டிகிரிப் பக்கம். பழைய சால்டரோடு கலந்தால் பல வினாடிகள் திரவமாகவே நிற்கும், அதற்குள் நிதானமாக எடுக்கலாம். ஆனால் எடுத்தபின் அந்தக் கலவையை விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து முழுக்க உறிஞ்சி, புது சால்டர் போட்டு, அதையும் ஒரு தடவை உறிஞ்சி, அப்புறம்தான் புதுப் பார்ட்டை வைக்க வேண்டும். பிஸ்மத்தும் காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் 96 டிகிரிப் பக்கம் உருகும் கலவை உருவாகும். பிராசசர் பக்கத்தில் சூடாகும் காலில் அது மிச்சம் இருந்தால் பிறகு ஒரு நாள் தொடர்பு விட்டுப்போகும். கேட்மியம் கலந்த வுட்ஸ் மெட்டல் என்ற கலவையைத் தொடவே வேண்டாம், விஷம்.

நிறையக் கால் உள்ளவை

ஐசி எப்படியும் செத்துவிட்டது என்றால் அதைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீர்கள். காப்பாற்ற வேண்டியது போர்டை. கூர்மையான கட்டரால் ஒவ்வொரு காலையும் உடம்புக்குப் பக்கத்தில் வெட்டி, உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக ட்வீசரில் பிடித்து உருவுங்கள். ஒரு கால் என்றால் ஒரு ஒழுக்கு, சமாளிக்கலாம்.

டிசி ஜாக், யுஎஸ்பி, எச்டிஎம்ஐ மாதிரிக் கனெக்டரில் தடித்த உலோகக் காதுகள் கிரவுண்டில் சேர்ந்திருக்கும். இதற்கு ஹாட் ஏர்தான். எல்லாக் காலிலும் முதலில் 63/37 சால்டரைச் சேர்த்துக் கலந்துவிட்டு, அடியில் பிரீஹீட் ஓடிக்கொண்டிருக்க, மேலே 380 டிகிரியில் புளோயரைக் காதுகளைச் சுற்றி ஓட்டுங்கள், பக்கத்துப் பார்ட்ஸைக் கேப்டன் டேப்பும் அலுமினியத் தாளும் வைத்து மூடி. டபுள் ரோ கனெக்டர் என்றால் உரித்த தடிமனான ஒற்றைச் செம்புக் கம்பியை எல்லாக் காலையும் தொட்டுப் போகிற மாதிரி வளைத்து, அதன் மேல் சால்டரை வழிய விட்டு, கம்பியைச் சூடாக்கினால் எல்லாக் காலும் ஒன்றாக உருகும். பிரீஹீட் இல்லாமல் இதைச் செய்தால் கம்பியும் சேர்ந்து சூட்டைக் குடிக்கும்.

போர்டில் தட்டையாகப் படியும் டி-பேக் வகை மாஸ்ஃபெட்டும் இதே கதைதான். அடியில் உள்ள பெரிய உலோகத் தகடு செம்புப் பரப்பில் முழுசாகப் பதிந்திருக்கும். அந்தத் தகட்டின் ஓரத்தில் காரீய சால்டரைச் சேர்த்து, பிரீஹீட் வைத்து, மேலே ஹாட் ஏர் கொடுத்து, ட்வீசரால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் உருகியிருந்தால் நகர்ந்துவிட்டுத் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலைப் பார்த்தபின்தான் தூக்க வேண்டும்.

எல்இடி பட்டை, எல்இடி பல்பின் வட்டத் தகடு இவற்றில் போர்டே அலுமினியம். செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மெல்லிய ஒரு இன்சுலேஷன் படலம் மட்டும்தான். இங்கே மேலிருந்து அயர்ன் வைப்பது நேர விரயம், அந்தத் தகடு வடிவமைக்கப்பட்டதே சூட்டை இழுப்பதற்கு. அடியிலிருந்து ஹாட் பிளேட்தான் வழி. ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் லென்ஸை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட எல்இடி இருக்கும் பகுதியை மட்டும் பிளேட்டின் ஓரத்தில் படிய வையுங்கள், முழுப் பட்டையையும் வைத்தால் நல்ல எல்இடிகளும் மிதக்கும். 230, 240 டிகிரியில் சில வினாடியில் சால்டர் மின்னும், அப்போது எல்இடியின் பக்கச் சுவரை ட்வீசரில் பிடித்து எடுத்துப் புதியதை வைத்து, பட்டையை உடனே வெளியே இழுத்துவிடுங்கள். மேலே இருக்கும் மஞ்சள் சிலிக்கானை அழுத்தாதீர்கள், உள்ளே உள்ள தலைமுடி போன்ற கம்பி அறுந்துவிடும்.

ஓட்டையைச் சுத்தம் செய்வது

கெபாசிட்டர் வந்துவிட்டது, ஆனால் கிரவுண்டு ஓட்டை சால்டரால் அடைத்துக்கிடக்கிறது. கழற்றுவதைவிட இதில்தான் பல பேர் போர்டைக் கெடுக்கிறார்கள், ஏனென்றால் பார்ட் வந்துவிட்ட நிம்மதியில் பிரீஹீட்டை அணைத்துவிடுவார்கள். அணைக்காதீர்கள். போர்டு இன்னும் 110-ல் இருக்கும்போதே இதையும் முடித்துவிட வேண்டும்.

ஓட்டையில் முதலில் இன்னும் கொஞ்சம் புது சால்டர் சேருங்கள். உறிஞ்ச வேண்டியதில் மேலும் சேர்ப்பதா என்று தோன்றும், ஆனால் அரைகுறையாக நிற்கும் சால்டரைவிட முழுக்க நிறைந்து திரவமாக நிற்பதுதான் ஒரே இழுப்பில் வரும். போர்டு செங்குத்தாக நிற்க, ஒரு பக்கத்திலிருந்து பிட், எதிர்ப்பக்கத்திலிருந்து சக்கர் (உருகிய சால்டரை உறிஞ்சும் கைப்பம்பு). இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிட்டை எடுத்துவிட்டு சக்கரை வைக்கும் அந்த அரை வினாடியில் கிரவுண்டு ஓட்டை உறைந்துவிடும். எதிர்ப்பக்க முறையில் பிட்டை எடுக்கவே தேவையில்லை. சக்கரின் மூக்கில் ஒரு சின்னச் சிலிக்கான் டியூப் துண்டு மாட்டினால் ஓட்டையைச் சுற்றிப் பொருந்தி உட்காரும், இழுப்பு இரட்டிப்பாகத் தெரியும். டீசால்டரிங் கன் இருப்பவர்கள் அதன் நாசிலைக் காலைச் சுற்றி வைத்து, கால் ஆடும் வரை காத்திருந்து, அப்புறம் பம்பை அழுத்துங்கள். சீக்கிரம் அழுத்தினால் உள்ளே வரும் குளிர்காற்று பாதி சால்டரை உறைய வைத்துவிடும், பிறகு மறுபடி நிரப்பித்தான் தொடங்க வேண்டும்.

சக்கருக்கு வரவில்லை என்றால் துருப்பிடிக்காத எஃகு ஊசி. ரோசின் பிளக்ஸில் சால்டர் அதில் ஒட்டாது, அதுதான் அதன் சிறப்பு. ஒரு பக்கம் பிட் வைத்து உருக்கி, மறுபக்கம் ஊசியைச் செருகி, பிட்டை எடுத்து, உறையும்போது ஊசியைச் சுழற்றிக்கொண்டே இருந்து வெளியே எடுங்கள், கால் நுழைய வழி கிடைத்துவிடும். பல் குத்தும் மரக்குச்சியும் நன்றாக வேலை செய்யும், மரம் சூட்டைக் குடிக்காது. தையல் ஊசியில் சில நேரம் சால்டர் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஊசியையும் கழற்ற வேண்டியிருக்கும். டிரில் வேண்டாம், ஓட்டைக்குள் உள்ள செம்பை அது சீவிவிடும். சூடாக்கிய போர்டை மேஜையில் ஓங்கித் தட்டிச் சால்டரை உதிர்ப்பதும் வேண்டாம், உருகிய சால்டர் கண்ணுக்குப் பறக்கும், சுற்றியுள்ள சின்னக் கால்களை ஷார்ட்டும் செய்யும்.

விக் மேற்பரப்பைத் துடைக்கத்தான் நல்லது, கிரவுண்டு ஓட்டையின் ஆழத்திலிருந்து எடுக்க அது கஷ்டப்படும், ஏனென்றால் விக்கும் செம்பு, அதுவும் சூட்டைக் கொண்டுபோகும். பயன்படுத்துவதென்றால் இரண்டு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, பிளக்ஸில் தோய்த்து, ட்வீசரில் பிடித்து வையுங்கள், முழுச் சுருளோடு இழுக்காதீர்கள். நல்ல விக் செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கும், பழுப்பேறியது சால்டரை எடுக்காது. விக் பேடில் ஒட்டி உறைந்துவிட்டால் பிய்க்கக் கூடாது, மறுபடி சூடாக்கிப் பிட்டோடு சேர்த்துத் தூக்குங்கள்.

ஓட்டை திறந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சுற்றிலும் வெள்ளிமாதிரிச் சுவர் மின்ன வேண்டும். பழுப்பு அல்லது மஞ்சள் ஃபைபர் தெரிந்தால் அந்த இடத்தில் செம்பு போய்விட்டது. மல்டிமீட்டரில் ஓட்டையின் மேல் வளையம், கீழ் வளையம், ஸ்க்ரூ ஓட்டைக் கிரவுண்டு, மூன்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பிளக்ஸைக் கழுவிவிட்டு, அதே பிரீஹீட்டில் புதுக் கெபாசிட்டரை வையுங்கள். கழற்றும்போது வேண்டிய சூடு வைக்கும்போதும் வேண்டும், குளிர்ந்த போர்டில் வைத்தால் சால்டர் அடியில் மட்டும் குமிழாக நின்றுவிடும். மேல்பக்கத்திலும் காலைச் சுற்றிச் சால்டர் எட்டிப் பார்த்தால்தான் ஓட்டை நிறைந்தது என்று அர்த்தம்.

செம்புச் சுவர் போய்விட்டதென்றால் கிரவுண்டு காலாக இருக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. பக்கத்தில் பச்சைப் பூச்சின் கீழே கிரவுண்டு பரப்பு ஓடும் இடத்தைக் கத்தி முனையால் அரை சென்டிமீட்டர் சுரண்டி, செம்பு தெரிந்ததும் சால்டர் பூசி, கெபாசிட்டரின் காலை வளைத்து அங்கே சேர்த்துவிடலாம், கால் எட்டாவிட்டால் தடித்த சின்னக் கம்பி. பாசிட்டிவ் கால் என்றால் அதே மின்னழுத்தம் போகும் பக்கத்துக் கெபாசிட்டரின் பாசிட்டிவ் காலைக் கண்டினியூட்டியில் தேடிக் கண்டுபிடித்து அடிப்பக்கமாக இணையுங்கள், கம்பி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பவர் கொடுப்பதற்கு முன் கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் நடுவில் மீட்டரை வைத்து, கழற்றுவதற்கு முன் பார்த்த ரெசிஸ்டன்ஸ்தான் இப்போதும் வருகிறதா என்று பாருங்கள். போர்டு கைச்சூட்டுக்கு இறங்கிய பிறகே கேபிள் மாட்டுங்கள், அதற்குள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.